ஒரு நாள் முழுவதும் அத்தர்க் கடைகள்: தோவாளையில் தொடங்கிக் குளச்சலில் முடிக்கலாமா?

தக்கலை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். வருகிற மாதம் என் அம்மாவுக்கு எழுபது வயது நிறைகிறது. நகையும் வேண்டாம், புடவையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "நல்ல வாசனை ஒன்று வாங்கித் தா, ஆனால் கடைக்கு நானும் வருவேன்" என்று மட்டும் கேட்டிருக்கிறார். அப்பா இருந்த காலத்தில் வீட்டில் எப்போதும் ஒரு சிறிய அத்தர்க் குப்பி இருக்கும். அது தீர்ந்து பல ஆண்டுகளாகியும், வெறுங்குப்பியை அம்மா பீரோவில் துணிகளுக்கு நடுவே வைத்திருந்தார்.

பெரிய அங்காடிகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி விற்கும் சென்ட் எனக்கு வேண்டாம். குடும்பமாக நடத்துகிற சிறிய அத்தர்க் கடைகளையும் நாட்டு மருந்துக் கடைகளையும் அம்மா, தங்கை, நான் மூவரும் ஒரு சனிக்கிழமை நிதானமாகச் சுற்றிப் பார்க்க விரும்புகிறோம். நாகர்கோவிலைச் சுற்றி எங்கே தொடங்கலாம், எந்த வரிசையில் போகலாம் என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும். கையில் 3,000 ரூபாய் வைத்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு கடற்கரையோரத்தில் சுற்றுலாப் பயணிகளை நம்பி நடக்கும் ஒரு கடையில், "கலப்பே இல்லாத சந்தன அத்தர்" என்று சொன்னதை நம்பி 10 மில்லி குப்பியை 350 ரூபாய் கொடுத்து வாங்கினேன். முதல் பத்து நிமிடம் கோயில் பிரகாரம் போல மணந்தது, அரை மணி நேரத்தில் மண்ணெண்ணெய் நெடி ஆகிவிட்டது. அம்மா மேலே போடும் நேரியதில் அது பட்ட இடத்தில் விழுந்த மஞ்சள் கறை எத்தனை சலவைக்கும் போகவில்லை. அம்மா என்னை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதனால்தான் இந்த முறை கேட்டுத் தெரிந்துகொண்டு போக நினைக்கிறேன்.

இடலாக்குடிக்காரன்

வணக்கம் டீச்சர். துபாய் தேராவில் ஒரு வாசனைத் திரவியக் கடையில் இருபத்திரண்டு ஆண்டுகள் நின்றுவிட்டு ஊர் திரும்பியவன் நான். உங்கள் 350 ரூபாய்க் குப்பியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அந்தக் கணக்குப் புரிந்துவிட்டால் பாதி ஏமாற்றத்திலிருந்து தப்பிவிடலாம். சந்தன எண்ணெய் இன்று கிலோ ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் விற்கிறது. அப்படியானால் 10 மில்லியில் இருக்கும் எண்ணெயின் விலை மட்டுமே ஆயிரம் ரூபாயை ஒட்டி வந்துவிடும். குப்பி, வாடகை, லாபம் எல்லாம் அதற்கு மேல்தான். எனவே உங்களுக்குக் கிடைத்தது சந்தனம் இல்லை, செயற்கை மணத்தை மலிவான கரைப்பானில் கலந்த சரக்கு. அப்படிப்பட்ட சரக்கை விற்பது தவறில்லை. அதைச் சந்தனம் என்று சொல்லி விற்றதுதான் தவறு.

ஆகவே கடையில் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது விலையை அன்று. "இது எண்ணெயா, காம்பவுண்டா?" என்று கேளுங்கள். செயற்கை மணக் கலவையைத் தொழிலில் காம்பவுண்ட் என்போம். நல்ல கடைக்காரர் அந்தச் சொல்லைக் கேட்டதும் நிமிர்ந்து பார்ப்பார், பிறகு உண்மையைச் சொல்வார். விலை பேசும்போது தோலாக் கணக்கில் சொல்வார்கள். ஒரு தோலா என்பது 11.66 கிராம், கடைகளில் அதை 12 மில்லி குப்பியாகக் கொள்வார்கள். கால் தோலா 3 மில்லி, அரைத் தோலா 6 மில்லி. முதல் தடவை கால் தோலாவுக்கு மேல் வாங்காதீர்கள்.

வழியைப் பொறுத்தவரை, காலை ஐந்தரைக்குள் தோவாளைப் பூச்சந்தையில் இருங்கள். அங்கே அத்தர் கிடைக்காது. ஆனால் பிச்சி, மல்லிகை, சம்பங்கி, கொழுந்து ஆகியவற்றின் உண்மையான மணத்தை அன்றைக்குப் புதிதாக மூக்கில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனால், கடைக்காரர் நீட்டும் குப்பியை எதனோடு ஒப்பிடுவது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கிருந்து கோட்டாறு கம்போளம் எனும் கடைவீதிக்கு வந்து நாட்டு மருந்துக் கடையில் வெட்டிவேர், சந்தனக் கட்டை, சாம்பிராணி, பச்சைக் கற்பூரம், பூலாங்கிழங்கு எல்லாவற்றையும் கையில் எடுத்து முகர்ந்து பாருங்கள். அதன் பிறகு எங்கள் இடலாக்குடிப் பக்கத்து அத்தர்க் கடைகள். மதியத்துக்கு மேல் உங்கள் ஊர் தக்கலை, மாலையில் குளச்சல். தக்கலையில் பீர் முகம்மது அப்பா தர்காவை ஒட்டி ஆண்டுவிழாக் காலத்தில்தான் அத்தர் வியாபாரம் களைகட்டும், மற்ற நாள்களில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். சனிக்கிழமை என்று முடிவு செய்தது நல்லது, வெள்ளிக்கிழமை என்றால் ஜும்மா நேரத்தில் கடைகள் அடைத்திருக்கும்.

இனி முகரும் முறை. இதைத்தான் நான் மிகவும் வற்புறுத்திச் சொல்வேன். குப்பியின் வாயில் மூக்கை வைக்காதீர்கள், தாள் துண்டில் தடவிக் கொடுப்பதை வைத்தும் முடிவு செய்யாதீர்கள். கண்ணாடிக் குச்சியால் ஒரு சொட்டு, மணிக்கட்டின் உள்பக்கம், அவ்வளவுதான். தடவிய பின் இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துத் தேய்க்கவும் கூடாது. ஒரு நாளைக்கு உடம்பில் நான்கு மணத்துக்கு மேல் ஏற்ற வேண்டாம்: இரண்டு மணிக்கட்டு, இரண்டு முழங்கை மடிப்பு. எதை எங்கே தடவினீர்கள், எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வாங்காமல் வெளியே வாருங்கள். முதல் கால் மணி நேரத்தில் எழுகிற மணம் ஒன்று, ஒரு மணி நேரம் கழித்து இருப்பது வேறொன்று, மாலையில் தோலோடு தங்கியிருப்பது மூன்றாவது. நாள் முழுவதும் உங்கள் அம்மாவோடு இருக்கப் போவது அந்த மூன்றாவதுதான், கடைகள் விற்பதோ முதலாவதை. நான் வேலை பார்த்த காலத்தில் உடனே வாங்கிப் போனவர்களைவிட, "மாலையில் வருகிறேன்" என்று சொல்லிவிட்டு உண்மையாகவே திரும்பி வந்தவர்களுக்குத்தான் நான் மனம் விட்டுப் பொருள் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

மூக்கு அலுத்துவிட்டால் சில கடைகளில் காப்பிக் கொட்டையை நீட்டுவார்கள். அதற்கு அவசியமில்லை, தெருவில் இறங்கிப் பத்து நிமிடம் நின்றாலே போதும். குளச்சலில் மட்டும் ஒரு கவனம் வேண்டும்: மீன் இறங்கும் இடத்துக்கு அருகே நின்று எதையும் மதிப்பிடாதீர்கள்.

தோவாளை மாலைகட்டி

அண்ணாச்சி சொன்ன எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்கிறேன், ஒன்றைத் தவிர. சந்தையில் பிச்சியை முகர்ந்துவிட்டு அதே மணத்தை அத்தரில் தேடினால் டீச்சரின் அம்மாவுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். நான் மூன்று தலைமுறையாகப் பூக்கட்டும் வீட்டில் பிறந்தவள், அதனால் இதைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதியுங்கள்.

பிச்சியும் மல்லிகையும் செடியிலிருந்து பறித்த பிறகும் மணத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும் பூக்கள். அதனால்தான் விடியுமுன் மொட்டாகப் பறித்து, ஈரத்துணி போட்டு மூடிச் சந்தைக்குக் கொண்டுவருகிறோம், அது நம் தலையிலோ சாமி கழுத்திலோ இருக்கும்போது விரிகிறது. ரோஜாவைப் போல இதைக் கொதிநீராவியில் காய்ச்சி வடிக்க முயன்றால் சூட்டில் மணம் கெட்டுவிடும். ஆகவே மதுரை, சத்தியமங்கலம், கோயம்புத்தூர் பக்கத்து ஆலைகளில் பூவை எக்சேன் என்ற கரைப்பானில் ஊறவைத்து மணத்தை இறக்குகிறார்கள். கரைப்பானை நீக்கியபின் எஞ்சுவது மெழுகு போன்ற ஒரு கட்டி, அதற்குக் கான்கிரீட் என்று பெயர். அதைச் சாராயத்தில் கழுவி மெழுகைப் பிரித்தால் கிடைக்கும் தேன் நிறத் திரவம்தான் அப்சலூட். ஏறத்தாழ 1,000 கிலோ பூவுக்கு 3 கிலோ கான்கிரீட்டும், அதில் பாதி அளவே அப்சலூட்டும் தேறும்.

பூ விலை சரிந்து கிலோ 300 ரூபாய்க்கு ஆலைக்குப் போகிறது என்று வைத்துக்கொண்டாலும், 3 லட்சம் ரூபாய்ப் பூவில் ஒன்றரைக் கிலோ. கிராமுக்கு 200 ரூபாய் பூவுக்கே போய்விடுகிறது. இதில் பறிகூலி அடங்கிவிடும், ஆலைச் செலவு அடங்காது. முகூர்த்த நாளிலும் ஓணத்துக்கு முன்பும் பிச்சி என்ன விலைக்குப் போகும் என்பது நம் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அதனால் 100 ரூபாய்க்கு ஒருவர் "மல்லிகை அத்தர்" என்று 10 மில்லி கொடுத்தால், அதற்குள் எங்கள் சந்தையின் ஒரு பூகூட இருக்க முடியாது.

இவ்வளவு பாடுபட்டு எடுத்த அப்சலூட்டும் உதிரிப் பூவைப் போல மணக்காது. கனமாக, சற்றுப் பழுத்த வாழைப்பழம் போல, அடியில் ஒரு மிருக வாடையோடு இருக்கும். அம்மாவுக்குப் பிச்சி வேண்டுமென்றால் பூவாகவே வைத்துக்கொள்ளட்டும். அத்தராக வாங்குவதற்குச் செடியின் வேரும் கட்டையும் நல்லவை, அவற்றின் மணம் காய்ச்சுவதைத் தாங்கும். சந்தையில் கொழுந்தையும் ஒரு கைப்பிடி வாங்கிக் கசக்கிப் பாருங்கள். மரிக்கொழுந்து, தவனம் என்றெல்லாம் சொல்கிற இந்த இலையின் எண்ணெய் வெளிநாட்டு வாசனைத் திரவியங்களில் சேருகிறது. ஐந்து விரல் அளவுள்ள ஒரு கொத்துக்குள் இவ்வளவு மணம் இருக்கிறதே என்று எனக்கு இன்றும் வியப்பு அடங்கவில்லை.

ஆய்வகத்தான்

கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறேன். மேலே சகோதரி சொன்ன மிருக வாடைக்குக் காரணம் இண்டோல் என்ற பொருள். தனியாகச் செறிவாக முகர்ந்தால் பாச்சை உருண்டையை நினைவூட்டும், மிகச் சிறிய அளவில் மற்ற மணங்களோடு சேரும்போது மல்லிகைக்கு உயிர் கொடுப்பதே அதுதான்.

கலப்படத்தைக் கண்டுபிடிக்க வீட்டுச் சோதனைகள் என்று பலவும் உலவுவதால் சிலவற்றைத் தெளிவுபடுத்துகிறேன். தாளில் ஒரு சொட்டு விட்டு, கறையில்லாமல் ஆவியானால் தூய எண்ணெய் என்பார்கள். எலுமிச்சை எண்ணெய்க்கு இது ஓரளவு பொருந்தும், ஆனால் சந்தனமும் வெட்டிவேரும் கனமான எண்ணெய்கள் என்பதால் தூயதாக இருந்தாலும் தாளில் நாள்கணக்கில் அடையாளம் நிற்கும். இந்தச் சோதனையை நம்பினால் நல்ல சரக்கைத்தான் ஒதுக்குவீர்கள். தண்ணீர்ச் சோதனை சற்று உதவும். அத்தரை நீர்க்கச் செய்யப் பயன்படும் டைபுரோப்பிலின் கிளைக்கால் தண்ணீரில் கரைந்துவிடும், அதே வேலைக்குப் பயன்படும் டைஎத்தில் தாலேட் கரையாமல் அடியில் அமரும், சந்தன எண்ணெயோ மிதக்கும். ஆயினும் இவை ஒன்றோடொன்று கலந்த கலவையை இதைக்கொண்டு பிரித்தறிய முடியாது. நேர்மையான கடைக்காரர், அதற்கு அடுத்தபடியாக ஒரு நாள் பொறுமை: இவற்றைவிடச் சிறந்த சோதனை வீட்டில் இல்லை.

நேரியதில் விழுந்த கறையைப் பற்றி: எண்ணெய் அடிப்படையிலான எந்த அத்தரையும், தூயதே ஆனாலும், துணியில் நேரடியாகத் தடவக் கூடாது. குளித்துத் துவட்டிய தோலில் தடவி, அது ஊறிய பிறகு உடுத்த வேண்டும். கடற்கரைக்குப் போகிறீர்கள் என்பதால் இன்னொரு எச்சரிக்கையும் தேவை. எலுமிச்சை வகைப் பழத்தோல்களை அழுத்திப் பிழிந்த எண்ணெய் சிலவற்றில் வெயில் பட்டால் தோலைப் புண்ணாக்கும் பொருள்கள் உண்டு. அப்படிப்பட்ட மணத்தைக் கழுத்தில் தடவிக்கொண்டு நண்பகல் வெயிலில் நின்றால் கருந்திட்டுகள் விழ வாய்ப்புண்டு. எழுபது வயதுத் தோல் மெல்லியது, மடிப்புக்குள் ஒரு சொட்டோடு நிறுத்துங்கள்.

பாலப்பள்ளம்

ஒரு சிறு சேர்க்கை. இதே நாளில் முடியாவிட்டாலும், இன்னொரு நாள் நாகர்கோவில் சந்திப்பிலிருந்து ரயிலேறித் திருவனந்தபுரத்தில் சாலை என்ற இடத்திலுள்ள கம்போளத்துக்கு அம்மாவை அழைத்துப் போங்கள். நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956 நவம்பர் 1-க்கு முன்பு நமக்கும் அதுதான் தலைநகரம், கல்யாணச் சாமான் வாங்க நம் ஊர்ப் பெரியவர்கள் அங்கேதான் போவார்கள். அந்தக் கம்போளத்தை உருவாக்கிய திவான் ராஜா கேசவதாஸ் நம் மாவட்டத்தில் பிறந்தவர். ரயில் நிலையம் இருக்கும் தம்பானூரில் இறங்கினால் நடந்து போகிற தூரம். உங்கள் அப்பா வாங்கி வந்த குப்பியும் அங்கிருந்து வந்ததாக இருக்கலாம், அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

தக்கலை ஆசிரியை

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. சென்ற சனிக்கிழமை போய் வந்தோம். பயன்படும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

தோவாளைக்கு ஐந்து ஐம்பதுக்குத்தான் போய்ச் சேர முடிந்தது. சாக்குப் படுதாவில் குவித்திருந்த பிச்சிக் குவியலுக்கு முன் அம்மா குனிந்து நின்றார். வியாபாரி ஒரு கை அள்ளி அம்மாவின் முந்தானையில் போட்டுவிட்டுக் காசு வேண்டாம் என்றார். கொழுந்தும் ஒரு கட்டு வாங்கினோம், கசக்கிய விரலில் மதியம் வரை மணம் இருந்தது. கோட்டாற்று நாட்டு மருந்துக் கடையில் கடைக்காரர் வெட்டிவேர்க் கட்டைப் பிரித்து, ஒரு வேரை நகத்தால் கீறி, அதன் மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்துக் கொடுத்தார். காய்ந்த வேருக்கும் நனைந்த வேருக்கும் இவ்வளவு வேறுபாடு இருக்கும் என்று எனக்கு இதுவரை தெரியாது.

இடலாக்குடியில் இரண்டு கடைகளுக்குப் போனோம். முதல் கடையில் "எண்ணெயா, காம்பவுண்டா?" என்று கேட்டதும் "எல்லாமே ஒரிஜினல்தான்" என்ற பதில் வந்ததால் அதிக நேரம் நிற்கவில்லை. இரண்டாவது கடையில் இருந்த பெரியவர், கேள்வியைக் கேட்டதும் குப்பிகளை இரண்டு வரிசையாகப் பிரித்தே வைத்துவிட்டார். இடப்பக்கம் காம்பவுண்ட், வலப்பக்கம் எண்ணெய், வலப்பக்கத்தில் ஐந்தே ஐந்து குப்பிகள். மல்லிகையை இடப்பக்கத்தில்தான் வைத்தார். "இது பூ இல்லை டீச்சர், ஆனால் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், 120 ரூபாய்" என்றார். மண் அத்தரும் வைத்திருந்தார். உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில், சுட்ட களிமண் வில்லைகளைச் செம்புப் பானையில் காய்ச்சி, அந்த ஆவியைச் சந்தன எண்ணெய்க்குள் இறக்குவார்கள் என்று விளக்கினார். தங்கை அதை முகர்ந்ததும் கோடை மழை என்றாள். சரியாகத்தான் சொன்னாள்.

பத்து இருபதுக்கு அம்மாவின் வலது மணிக்கட்டில் சந்தனம், இடது மணிக்கட்டில் வெட்டிவேர், வலது முழங்கை மடிப்பில் மண் அத்தர். நாலாவது இடத்தைக் குளச்சலுக்காக விட்டுவைத்தோம். தக்கலையில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு ஒரு மணி நேரம் படுத்து எழுந்தோம். இரண்டு மணிக்குச் சந்தனம் பால்போல மெலிந்து, தோலுக்கு மிக அருகில் போனால்தான் தெரிகிற அளவில் இருந்தது. மண் அத்தரில் மழை போய்ச் சந்தன அடி மட்டும் மிச்சம். வெட்டிவேர் மட்டும் காலையில் இருந்ததைவிட நன்றாக இருந்தது. காலையில் அதில் எனக்குப் பிடிக்காத ஒரு புகை வாடை இருந்தது, அது அடங்கி, மண்பானைத் தண்ணீரின் குளிர்ச்சி மட்டும் மேலே வந்திருந்தது.

குளச்சலில் வெளிநாட்டுச் சரக்கு வைத்திருந்த ஒரு கடையில் ஊது எனப்படும் அகில் எண்ணெயும் ரோஜாவும் சேர்ந்த முகல்லத் என்ற கலவை அத்தர் ஒன்றைத் தடவிக் கொடுத்தார்கள். நல்ல பொருள்தான், ஆனால் அது அம்மாவை முந்திக்கொண்டு நடந்தது. கடற்கரையில், திருவிதாங்கூர் டச்சுக்காரரை வென்ற 1741 போரின் வெற்றித் தூண் பக்கம் உட்கார்ந்திருந்தபோது அம்மா தம் இடது கையை முகத்தருகே வைத்தபடியே இருந்தார். "எது வேண்டும் அம்மா?" என்று கேட்டதற்கு, "உங்கள் அப்பாவின் குப்பி இதுதான்" என்றார். இத்தனை ஆண்டுகளாக அது மல்லிகை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அங்கிருந்து நேராக இடலாக்குடிக்குத் திரும்பினோம், ஏழரை மணிக்குப் பெரியவர் கடை திறந்திருந்தது. கால் தோலா போதும் என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார், இந்த ஒன்றில் மட்டும் அவர் சொல்லைக் கேட்கவில்லை. வெட்டிவேர் அரைத் தோலா 650 ரூபாய்க்கு வாங்கினோம், தங்கை 120 ரூபாய் மல்லிகையை எல்லாம் தெரிந்தே வாங்கிக்கொண்டாள். அம்மா பையிலிருந்து அந்தப் பழைய வெறுங்குப்பியை எடுத்து, புதியதை இதிலேயே ஊற்றித் தர முடியுமா என்று கேட்டார். பெரியவர் அதை விளக்கொளியில் திருப்பிப் பார்த்து, மூடியைத் திறந்து முகர்ந்து, கழுவ வேண்டாம் என்று சொல்லி அப்படியே நிரப்பிக் கொடுத்தார்.